ரோட்டிலும் ஓடாது, ரேஸிலும் ஓடாது: அப்புறம் எதற்கு வரிசையில் நிற்கிறார்கள்?

மூன்றாவது கியர்

போன வாரம் ஒரு கண்காட்சியில், டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்கென்றே செய்த சூப்பர்கார் ஒன்றைக் கை எட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, அதன் உரிமையாளர் இங்கே யாராவது இருந்தால் எனக்கு எதற்கு வம்பு. சுற்றிலும் கயிறு, மேலே விளக்கு. பின்னால் இருந்த இறக்கை என் நெஞ்சு உயரம். டயரைக் குனிந்து பார்த்தேன், ஓடிய தடமே இல்லை, புதுச் செருப்பின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற காவலாளியிடம் "இது கடைசியாக எப்போது ஓடியது?" என்று கேட்டால், அவர் என்னைப் பார்த்து "இது ஓடுமா சார்?" என்கிறார்.

அன்றிலிருந்து அதே யோசனைதான். நம்பர் பிளேட் கிடையாது, எனவே ரோட்டில் எடுக்க முடியாது. எந்தப் பந்தயத் தொடரின் விதியிலும் அடங்காது, எனவே ரேஸுக்கும் போக முடியாது. ஆனால் இருபது, நாற்பது என்று எண்ணிச் செய்கிற இந்தக் கார்கள் பெரும்பாலும் அறிவிப்பு வரும்போதே பேசி முடிந்திருக்கின்றன. வாங்குகிறவருக்கு அப்படி என்னதான் கிடைக்கிறது? பணக்காரர்களின் கிறுக்கு என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள், அது எனக்கும் தெரியும்.

வி12 வெறியன்

2005-இல் ஃபெராரி எஃப்எக்ஸ்எக்ஸ் வந்தபோதும் இதே கேள்விதான் கேட்டார்கள். தங்கள் ரோட்டுக் காரான என்ஸோவை எடுத்து, அதன் வி12-ஐ, அதாவது பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினை, 6.3 லிட்டராகப் பெருக்கி, 800 குதிரைத்திறன் வரைக்கும் ஏற்றி, "இது ரோட்டுக்கும் இல்லை, ரேஸுக்கும் இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்றார்கள். விலை ஏறக்குறைய 15 லட்சம் யூரோ. வாடிக்கையாளர்களுக்கு 29, முப்பதாவது கறுப்புக் கார் ஃபார்முலா 1 சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கருக்கு. கார் ஓடும்போதே 39 அளவுகளைப் பதிவு செய்யும் டெலிமெட்ரி அதில் இருந்தது, அந்தத் தரவு நேராகக் கம்பெனிக்குப் போகும். வாங்கியவர்களைச் சோதனை ஓட்டுநர்கள் என்றே அழைத்தார்கள்.

அந்த வித்தை பலித்ததும் ஆளாளுக்குக் கடை விரித்தார்கள். ஃபெராரியே மறுபடி 599எக்ஸ்எக்ஸ், பகானி ஸோண்டா ஆர், 999 கிலோ எடையில் லம்போர்கினி செஸ்டோ எலமென்டோ (20 கார்கள்), ஆஸ்டன் மார்ட்டின் வல்கன் (24), மெக்லாரன் பி1 ஜிடிஆர், ஃபெராரியின் எஃப்எக்ஸ்எக்ஸ் கே, அப்புறம் 40 லட்சம் யூரோவுக்கு புகாட்டி பொலீட். 2010-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் 599எக்ஸ்எக்ஸ் 6 நிமிடம் 58 விநாடியில் சுற்றியது, ஒரு சில மாதத்திலேயே ஸோண்டா ஆர் அதை 6:47.50 என்று இறக்கியது. அந்த வருடத்தை நான் இன்னும் மறக்கவில்லை, சின்னப் பையன் மாதிரி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூசிப்படலம்

ஆக, காசையும் கொடுத்து, கம்பெனிக்குச் சோதனை வேலையும் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பிழைக்கத் தெரிந்தவன் ஃபெராரிதான்.

கணக்கு பார்ப்போம். போர்ஷே 911 ஜிடி3 ஆர், இப்போதைய 992 தலைமுறை, 2022-இல் அறிவித்தபோது வரி நீங்கலாக 5,11,000 யூரோ. ஜிடி3 என்ற பந்தயப் பிரிவுக்கென்றே செய்த நிஜமான பந்தயக் கார். உதிரிப் பாகம் எந்தப் பெரிய டிராக்கிலும் கிடைக்கும், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் நிறைய இருக்கிறார்கள், வார இறுதியில் உண்மையான ரேஸில் உண்மையான ஆட்களோடு மோதலாம். பொலீட் ஒன்றின் விலைக்கு இதில் ஏழு வாங்கி, மிச்சத்தில் டயரும் வாங்கலாம். ஓட்டுவதுதான் ஆசை என்றால் பதில் இங்கேயே முடிந்துவிட்டது. பொலீட் வாங்குகிறவருக்கு ஓட்டுவது ஆசை இல்லை, அவ்வளவுதான்.

ஸ்பானர் சாமி

ஜிடி3 கார்களில்தான் எனக்குச் சோறு, டிராக்கில் கார்களைச் சரிபார்க்கிற பிட்டில் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதனால் தூசிப்படலம் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியில் அவர் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்.

ஜிடி3 கார் என்பது மூக்கணாங்கயிறு போட்ட மாடு. எல்லாக் கம்பெனிக் கார்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதற்காக, பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் என்று ஒரு விதி வைத்து இங்கே எடையைக் கூட்டுவார்கள், அங்கே இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைப்பார்கள். நீங்கள் சொன்ன அந்த போர்ஷேயின் இன்ஜினால் 565 குதிரைத்திறன் வரை போக முடியும், ஆனால் எந்த டிராக்கில் எவ்வளவு விடலாம் என்பதைத் தீர்மானிப்பது போட்டி நடத்துகிறவர்கள். ரேஸுக்கு அது நியாயம். ஆனால் இன்ஜினீயர்களுக்கு, "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால்..." என்ற ஏக்கம் எப்போதும் இருக்கும். அந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ள இருக்கிற ஒரே இடம் இந்த மாதிரிக் கார்கள்தான்.

உதாரணத்துக்கு ஃபெராரி 499பி. 2023-இல் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார். பந்தய விதிப்படி அதன் முன்பக்க மின் மோட்டார் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல்தான் வேலை செய்யலாம். அதே காரை மாடிஃபிகாட்டா என்ற பெயரில் 51 லட்சம் யூரோவுக்குத் தனியாருக்கு விற்கிறார்கள். அதில் அந்த 190 கட்டுப்பாடு இல்லை, மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போதே நான்கு சக்கரமும் இழுக்கும். போதாததற்கு ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான், அழுத்தினால் 707 குதிரைத்திறன் 7 விநாடிக்கு 870 ஆகும். யோசித்துப் பாருங்கள், லெமான் ஜெயித்த ஓட்டுநர்களுக்கே பந்தயத்தில் கிடைக்காத ஒன்று காசு கொடுத்தவருக்குக் கிடைக்கிறது.

இன்னொன்று, ஃபார்முலா 1 கார்களை வடிவமைத்த கார்டன் மர்ரேயின் டி.50எஸ் நிக்கி லௌடா என்ற கார். பின்னால் 40 சென்டிமீட்டர் விசிறி வைத்து, காருக்கு அடியில் இருக்கும் காற்றை உறிஞ்சி வண்டியைத் தரையோடு ஒட்டவைக்கிற யோசனை. 1978-இல் மர்ரே வடிவமைத்த பிராபம் பிடி46பி-யில் இதே மாதிரி விசிறியோடு ஓட்டுநர் நிக்கி லௌடா ஸ்வீடன் கிராண்ட் பிரீயை ஜெயித்தார், அந்த ஒரே பந்தயத்தோடு அந்தக் காரை ஓரங்கட்டிவிட்டார்கள், விசிறிக்குத் தடையும் வந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் மனதில் கிடந்த யோசனை, எந்த அதிகாரியும் வந்து "எடு அதை" என்று சொல்ல முடியாத ஒரு வண்டியில் திரும்ப வந்திருக்கிறது. 25 கார்கள், அறிவித்தபோது சொன்ன எடை 852 கிலோ. எனக்குக் காசிருந்தால் வாங்குவேனா என்று கேட்டால், இது ஒன்றை மட்டும் வாங்குவேன்.

மூன்றாவது கியர்

சாமி, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். "ரேஸிலும் ஓடாது" என்பதை நான் குறையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கண்காட்சியில் பார்த்த அந்த டயர் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. இவ்வளவு ஏக்கத்தோடு செய்ததை வாங்கிக்கொண்டு போய் ஏன் நிறுத்தி வைக்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை

அதற்கு நான் பதில் சொல்கிறேன். சேகரிப்பாளர்கள் சிலரின் வாகனக் கணக்குகளைப் பார்க்கிற வேலை எனக்கு. பெயர், ஊர் எதுவும் கேட்காதீர்கள்.

முதலில், இவற்றை யார் வேண்டுமானாலும் காசைக் காட்டி வாங்கிவிட முடியாது. பி1 ஜிடிஆரை மெக்லாரன் முதலில் யாரிடம் நீட்டியது? ஏற்கெனவே ரோட்டுக்கான பி1 வைத்திருந்த 375 பேரிடம் மட்டும். ஃபெராரியிலும் முந்தைய கார்களை வாங்கி, விற்காமல் வைத்திருந்து, நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவர்களுக்குத்தான் அழைப்பு வரும். அதனால் வாங்குகிறவர் மனதில் இது ஒரு படிக்கட்டு. இந்தக் காரை வேண்டாம் என்று சொன்னால் அடுத்த கார் அறிவிக்கும்போது தன் பெயர் பட்டியலில் இருக்குமா என்ற பயம். ஓட்டத் தெரியாமலேயே சரி என்று கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு.

இரண்டாவது, எண்ணிக்கையும் கதையும். டி.50எஸ் கார்கள் ஒவ்வொன்றுக்கும் மர்ரேயின் கார் வென்ற ஒரு கிராண்ட் பிரீயின் பெயர். முதல் காருக்கு, தென்னாப்பிரிக்க டிராக்கின் பெயரில், கியாலமி 1974. இருபத்தைந்தில் ஒன்று என்பதைவிட "என்னுடையது கியாலமி" என்று சொல்லிக்கொள்வதற்கு விலை அதிகம். சேகரிக்கிறவர்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

மூன்றாவது ரகம், ஓட்டவும் ஆசை, வைத்துக்கொள்ளவும் ஆசை, ஆனால் பராமரிக்கத் தெரியாது. இவர்களுக்காகத்தான் கம்பெனிகளே காரை வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. லம்போர்கினி 40 எசென்ஸா எஸ்சிவி12 செய்தபோது, தன் ஊரான சாண்டகாட்டாவில் அதற்கென்றே ஒரு கூடம் கட்டி, 24 மணி நேரமும் உரிமையாளர் தன் காரைச் செல்போனில் பார்த்துக்கொள்ள கேமராவும் வைத்துக் கொடுத்தது.

தூசிப்படலம்

ஐயா, கொஞ்சம் நிறுத்துங்கள். பல லட்சம் யூரோ கொடுத்து வாங்கிய காரை, வேறொருவர் கொட்டகையில் நிறுத்திவிட்டு, போனில் பார்த்துக்கொண்டிருப்பதா? ஹாஸ்டலில் விட்ட பிள்ளையா அது?

கணக்குப்பிள்ளை

சிரிக்காதீர்கள், ராத்திரி இரண்டு மணிக்குப் பார்க்கிறவர்களும் உண்டு.

ஈரத்தடம்

நானும் ஒரு எலும்புத்துண்டு போடுகிறேன். டிராக்குக்கு மட்டும் என்பதுதான் பெருமை என்றால், வாங்கியவர்களே ஏன் அதை ரோட்டுக்கு மாற்றத் துடிக்கிறார்கள்?

பி1 ஜிடிஆர்களை ரோட்டில் ஓட்டும்படி மாற்றிக் கொடுத்தே லான்ஸான்டே என்ற இங்கிலாந்து நிறுவனம் பெயர் வாங்கிவிட்டது. அவர்கள் செய்த பி1 எல்எம் 2017-இல் நூர்பர்க்ரிங்கை 6 நிமிடம் 43 விநாடியில் சுற்றியது, அதாவது டிராக்குக்கு மட்டுமே ஆன ஸோண்டா ஆரைவிட வேகம். ஒரு வல்கனையும் ஆர்எம்எல் என்ற இன்னொரு இங்கிலாந்து நிறுவனம் ரோட்டுக்கு மாற்றியது, கண்ணாடி, இண்டிகேட்டர், கதவுப் பூட்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து. 820 குதிரைத்திறன் வண்டிக்குக் கதவுப் பூட்டு! பிராபம் பிடி62 இன்னும் மேல். பத்து லட்சம் பவுண்டுக்கு டிராக் கார் என்று அறிவித்துவிட்டு, கூட ஒன்றரை லட்சம் பவுண்டு கொடுத்தால் ரோட்டுக்கும் மாற்றித் தருகிறோம் என்றார்கள்.

என் ஊகம் இதுதான். ரோட்டில் யாரும் பார்க்கவில்லை என்றால் சூப்பர்கார் வைத்திருப்பதில் பாதி சுகம் போய்விடுகிறது. டிராக்கில் உங்களைப் பார்ப்பது யார்? ஹெல்மெட்டுக்குள் முகமும் தெரியாது, அங்கே நிற்கிற எல்லோரிடமும் அதே கார் இருக்கிறது.

வி12 வெறியன்

ஈரத்தடம், அந்தக் கடைசி வாக்கியம் வலிக்கிறது. ஆனாலும் ஒன்றை எல்லோரும் மறக்கிறீர்கள், சத்தம்.

ரோட்டுக் கார் இன்று எப்படி ஆகிவிட்டது? புகை விதி, ஒலி விதி, அதற்காக டர்போ, அதற்கு மேல் ஃபில்டர், அதற்கு மேல் பேட்டரி. நான் குறை சொல்லவில்லை, நம் எல்லோருக்கும் நுரையீரல் வேண்டும். ஆனால் டர்போ இல்லாத பெரிய வி12 முழுத் தொண்டையில் கத்த இன்று மிஞ்சியிருக்கும் இடம் அநேகமாக இதுதான். பகானி வயிரா ஆர் 2021-இல் வந்தது, 6 லிட்டர், டர்போ கிடையாது, 850 குதிரைத்திறன், இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று, மொத்தம் 30 கார்கள். ஆஸ்டன் மார்ட்டின் வால்கைரி ஏஎம்ஆர் ப்ரோவில் ரோட்டுக் காரில் இருந்த ஹைப்ரிட் பகுதியைக் கழற்றியே போட்டுவிட்டு, 6.5 லிட்டர் வி12-ஐ மட்டும் 11,000 வரை சுற்றவிடுகிறார்கள். சாமி சொன்ன டி.50எஸ் 12,100. அடுத்து ஃபார்முலா 1 வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி வடிவமைத்த ரெட்புல் ஆர்பி17, 50 கார்கள் என்று அறிவித்திருக்கிறார்கள், அது வி10, 15,000.

நான் ஒருமுறை ஸோண்டா ஆரை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். கார் வளைவுக்குப் பின்னால் இருக்கும்போதே சத்தம் வந்துவிட்டது, அப்புறம் கார் வந்தது, போனது, கம்பி வேலி மட்டும் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. என்னிடம் அவ்வளவு காசு இருந்தால், மற்றவர்கள் பார்க்கிறார்களா இல்லையா என்பதைப் பற்றிக் கவலையே பட மாட்டேன்.

ஈரத்தடம்

அந்தச் சத்தத்தை எங்கே எழுப்புவீர்கள் அண்ணே? அமெரிக்காவின் லகுனா சேகா மாதிரி டிராக்குகளில் சாதாரண நாட்களில் ஒலி வரம்பு 90 டெசிபெல்லை ஒட்டித்தான் இருக்கிறது. பக்கத்தில் வீடு கட்டியவர்கள் புகார் கொடுப்பார்கள், ஒலி அளக்கிறவர் கொடி காட்டி உள்ளே கூப்பிட்டுவிடுவார். எனவே பெரும்பாலும் கம்பெனி டிராக்கை மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் நாளில்தான் ஓட்ட முடியும். உங்கள் கார், ஆனால் தேதி அவர்களுடையது.

ஸ்பானர் சாமி

ஈரத்தடம் சொன்னது சரி. மாடிஃபிகாட்டாவையே ஃபெராரி நடத்தும் நிகழ்ச்சிகளில்தான் ஓட்டலாம். ஆனால் அப்படி ஒரு நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் யாரும் அதைக் குறையாகச் சொல்ல மாட்டீர்கள். இந்த மாதிரி நாட்களில் இரண்டு மூன்று தடவை டயர் வேலைக்குப் போயிருக்கிறேன்.

காலையில் ஏழு மணிக்கே இன்ஜினுக்குள் சூடாக்கிய தண்ணீரை ஓடவிட ஆரம்பிப்போம். இவ்வளவு நெருக்கமான இடைவெளி வைத்துச் செய்த இன்ஜினைப் பச்சைத் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்தால் உள்ளே உரசிக் கெட்டுவிடும். டயருக்கு மின்போர்வை போர்த்தியிருக்கும். உரிமையாளர் ஒன்பது மணிக்கு ஒரு தோள்பையோடு வருவார், அவ்வளவுதான் அவர் கொண்டுவருவது. ஓட்டிவிட்டு இறங்கியதும் பயிற்சி ஓட்டுநர் ஒருவர் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டுவார், ஒன்று தொழில்முறை ஓட்டுநரின் பிரேக், இன்னொன்று உங்களுடையது. அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார்த்து, தொழிலில் பெரிய ஆளாக இருக்கிற மனிதர் பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் அந்த இடைவெளி பாதியானபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அது காரை வாங்கிய அன்றுகூட வந்திருக்காது.

வேகம் பயமுறுத்தவும் செய்யும். எஃப்எக்ஸ்எக்ஸ் கே இவோவில் 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மட்டும் 640 கிலோ எடைக்குக் காரைக் கீழே அழுத்துகிறது. இதில் உள்ள வினோதம், வேகமாகப் போனால்தான் பிடிப்பு வரும். புதியவர் பயந்து மெதுவாகப் போவார், மெதுவாகப் போவதாலேயே டயர் ஆறும், காற்று அழுத்துகிற டவுன்ஃபோர்ஸ் குறையும், கார் வழுக்கும். அதனால்தான் வல்கனில் சக்தியை மூன்று நிலையில் மாற்றும் ஒரு திருகு வைத்தார்கள், முதல் நிலை சுமார் 550, கடைசியில்தான் முழு 820. அதற்கும் முன்னால் ரோட்டுக் காரிலும் ஜிடி4 ரேஸ் காரிலும் உட்கார வைத்துப் பழக்கினார்கள். தூசிப்படலம், ஜிடி3 வாங்கி ரேஸுக்குப் போகலாம் என்றீர்கள். ஐம்பத்தைந்து வயதில் முதல்முறையாக டிராக்குக்கு வருகிறவர், இருபது வயதுப் பையன்கள் கதவோடு கதவு உரசுகிற இடத்துக்கு எப்படிப் போவார்?

தூசிப்படலம்

சரி, இந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுகிறவர்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். ஓட்டாதவர்களுக்கு?

கணக்குப்பிள்ளை

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இது யானை இல்லை. ரோட்டுக் கார் என்றால் வாங்க ஆள் நிறைய, இதற்கு உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான், அவர்களும் முதலில் கேட்பது கிலோமீட்டரை இல்லை. கடைசியாக யார் திறந்து பார்த்தார்கள், எந்த வருடம், கம்பெனி கையெழுத்து இருக்கிறதா என்பதைத்தான். "ஓட்டவே இல்லை, புத்தம் புதுசு" என்று பெருமையாகச் சொன்ன ஒருவரிடம், "அப்படியென்றால் செலவுக்கு எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று வாங்க வந்தவர் கேட்டதை நேரில் பார்த்தேன்.

ஸ்பானர் சாமி

கேட்டவர் விவரமானவர். ரேஸ் கார் ஓடினால் தேயும், நின்றால் அழுகும். பெட்ரோல் டேங்கே ரப்பர் பைதான், விபத்தில் கிழியாமல் இருக்க. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி அதற்கு ஐந்து வருடம் ஆயுள், சோதித்துப் பார்த்து இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாம். சும்மா நின்றாலும் அந்தக் கணக்கு ஓடும். வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயர் கல்லாகிவிடும், சீல் காய்ந்துவிடும். இதெல்லாம் சின்ன எண்ணிக்கையில் செய்த பாகம், வேண்டும் என்றால் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது கியர், அந்தக் கண்காட்சி இன்னும் இருக்கிறதா? இருந்தால் சீட் பெல்ட்டைப் பாருங்கள். தோள்பட்டையில் ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருப்பார்கள், எந்த வருடத்துக்குப் பிறகு செல்லாது என்று அதில் அச்சிட்டிருக்கும். பெல்ட்டுக்கும் ஐந்து வருடம்தான். ஓட்டுகிறவர் மாற்றியிருப்பார்.

மூன்றாவது கியர்

நேற்று கடைசி நாள், போய்விட்டு வந்தேன். அதே காவலாளி, என்னை அடையாளம் கண்டுகொண்டார். கதவு மேலே தூக்கித்தான் இருந்தது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். துணிச்சீட்டு இருக்கிறது சாமி. பெல்ட் கசங்கவே இல்லை, துணிச்சீட்டில் இருக்கிற வருடம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது.

காவலாளி என் போனை எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். "அப்படியானால் நான் இதில் ஏறி உட்கார்ந்தால் குற்றமா சார்?" என்றார். உட்காரலாம், ஓட்டத்தான் கூடாது என்றேன்.